ஆறைக் கவிழ்த்தால் ஒன்பது

அந்தக் கிழமை எங்களுக்கு ஒன்பது போதவில்லை.
எழுத்துத் தட்டில் கிடந்தவை நாலே நாலு,
அதிலும் ஒன்றுக்கு வால் முறிந்திருந்தது.
மூத்ததம்பியின் கட்டுரையிலோ திரும்பிய பக்கமெல்லாம் ஒன்பது.
ஆறுகளைக் கவிழ்த்துக் கோத்தேன்.
உற்றுப் பார்த்தால் கொஞ்சம் தூக்கலாய் நிற்கும்,
யார் பார்க்கப் போகிறார்கள்.

அவருக்கு இந்த விசர் பிடித்தது ஒரு பழைய சஞ்சிகையால்.
மிஷன் பள்ளிக்கூடம் கழித்துவிட்ட கட்டு,
அட்டையைக் கறையான் தின்றுவிட்டது.
அமெரிக்காவில் ஒருத்தி
எண்ணெய்க் கொம்பனியின் கணக்கை
வருடக்கணக்காய்த் தோண்டியிருக்கிறாள்:
ரயில் கூலியில் கள்ளம், பீப்பாயில் கள்ளம்.
"பார், இவள் ஏசவில்லை.
கூட்டிக் காட்டுகிறாள், அவ்வளவுதான்."
விளக்கடியில் வாசித்துக்கொண்டே சொன்னார்.
விளக்கில் எரிந்ததும் கப்பலில் வந்த அமெரிக்க மண்ணெண்ணெய்.
இரண்டுபேரும் தகரத்தைப் பார்த்தோம்.
நான் திரியைக் குறைத்தேன்.

கொக்குவிலில் கந்தவனத்தாரின் சுருட்டுக் கொட்டில்.
நூறு சுற்றினால் பத்துப் பன்னிரண்டு கழிவு:
இலை வெடிப்பு, நுனி கோணல்,
காரணம் இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளையின் முகம்.
கூடையில் விழுந்ததற்குக் கூலி இல்லை,
இலையின் விலையையும் வெட்டுவார்கள்.
கூடை நிறைந்ததும்
சிவக்கொழுந்து என்ற பொடியன் பின்பக்கம் தூக்கிப்போவான்.
பின்பக்கத்தில் என்ன நடக்கிறது?
இத்தனை வருடம் ஒருவரும் கேட்காததை
மூத்ததம்பி பொடியனிடம் கேட்டார்,
ஒரு சிவப்பு நூல்கண்டும் கொடுத்தார்.

பதினைந்து நாள்.
வேலிக்கும் கக்கூசுக்கும் இடையில் குந்தியிருந்து
ஈர்க்கால் நூலைக் குத்திக் குத்தி
ஒவ்வொரு கழிவின் வயிற்றிலும் வைத்தான் பொடியன்.

பிறகு பெரியகடையில், வேறு வேறு கடையில்,
முதல்தரம் என்று ஒட்டிய கட்டுகள் வாங்கினோம்.
புகையே பிடிக்காத மனிதர்
சவர அலகால் அச்சுக்கல்லில் வைத்துச் சுருட்டுகளைப் பிளந்தார்.
நாலு நாள் எனக்குத் தும்மல் நிற்கவில்லை.
96 சுருட்டு. 19 இல் சிவப்பு நூல்.
அந்தத் தொண்ணூற்றாறை நான் செய்தது இரண்டு ஆறால்:
ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக.

சனிக்கிழமை விடியமுன் ஒரு மாட்டு வண்டில் வந்தது.
கந்தவனத்தாரின் ஆள்
அறுநூறு பிரதியையும் காசு கொடுத்து ஏற்றிப்போனான்.
எங்கள் பத்திரிகை ஒருநாளும் அப்படி விற்றதில்லை.
பத்திராதிபர் சிரித்தார், காசை எண்ணினார்,
எண்ணி முடிக்கிறபோது சிரிப்பு இல்லை.
எழுத்தைக் கலைக்கச் சொன்னார்.
நானே கலைத்தேன். அதை மறைத்து என்ன.

ஆனால் திருத்தத்தாள் என் இடுப்பில் இருந்தது,
மையும் வியர்வையும் பட்டு.
கொட்டிலில் ஏரம்பு என்றொரு வாசிப்புக்காரன்;
சுற்றுகிறவர்கள் தலைக்கு ஒரு சதம் போட்டு
கிழமைதோறும் அவனைப் பத்திரிகை வாசிக்க வைப்பார்கள்.
அவனிடம் கொடுத்தேன்.
வாங்கின் மேல் ஏறித் தொடங்கினான்,
ஓரத்தில் மூத்ததம்பி கிறுக்கிய
"இங்கே காற்புள்ளி" என்பதையும் சேர்த்து.
கொலைச் செய்திக்கும் புயலுக்கும் நிற்காத கைகள்
பத்தொன்பதில் நின்றன.
இலை அப்படியே, பசை அப்படியே.
யாரோ ஒருவன் இருமினான்.
"திருப்பி வாசி, அந்த இலக்கத்தை."
கணக்கப்பிள்ளை உள்ளே வந்தபோது
அவன் மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தான்.

இலைக்கு வெட்டுவது நின்றது.
கழிவு நிற்கவில்லை; கூடைக்கு இப்போது பூட்டு.
ஏரம்புவை விடவில்லை சுற்றுகிறவர்கள்,
பொடியனைப் பிடித்துவைக்க யாருமில்லை,
வேலையால் நிற்பாட்டினார்கள்.

மூத்ததம்பி அதையும் எழுதினார், பதினொரு வரி.
பத்திராதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.
அதில் ஒன்பது ஒரே இடத்தில்தான் வந்தது,
சிவக்கொழுந்தின் வயது.
தட்டைக் கிளறி
வால் முறியாத ஒன்றை எடுத்து வைத்தேன்.